பல்லில் பிடித்த பறி

"சும்மா இருக்கும்போது உங்க மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கிட்டு இருக்கா, விலகி இருக்கா?"

சென்னையில் ஒரு பல் மருத்துவமனையில் டாக்டர் என்னிடம் இதைக் கேட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கவனித்த உடனேயே பற்கள் விலகிவிடுகின்றன. அதற்கு முந்தைய நொடி எப்படி இருந்தன என்று யாரைக் கேட்பது? அடுப்படியில், பஸ்ஸில், மகளுக்குத் தலை வாரும்போது, திடீரென்று என்னையே பிடித்துப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் நான் பார்ப்பதற்குள் எல்லாம் ஒழுங்காகிவிடும்.

வலி தொடங்கியபோது மகளுக்கு ஒன்பது மாதம்.

பழவேற்காடு ஏரியில் எங்களுக்குப் படகு கிடையாது, வலையும் கிடையாது. நாங்கள் கையால் இறால் பிடிக்கிறவர்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குந்தினால் தண்ணீர் கழுத்துக்கு வரும். அப்படியே குந்தியபடி நகர்ந்து நகர்ந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவுவோம். விரலுக்கடியில் இறால் துள்ளும்போது அமுக்கிப் பிடிக்க வேண்டும். கை இரண்டுக்கும் வேலை இருப்பதால், பிடித்ததைப் போடுகிற பறி வாயில் இருக்கும். பறி என்றால் பனையோலையில் பின்னிய சின்னக் கூடை. அதன் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொள்வோம். காலையில் இறங்கினால் கரையேற ஐந்து மணி நேரம் ஆகும், சில நாள் ஆறு. அவ்வளவு நேரமும் கூடை வாயில்தான். அதனால் ஏரிக்குள் எங்கள் பெண்கள் பேசுவதில்லை. மூக்கால் "ம்" என்பார்கள். ஆழம் என்றால் ஒரு "ம்", பாம்பு என்றால் வேறு ஒரு "ம்".

நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். படிக்கும்வரை வீட்டில் என்னை ஏரியில் இறக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் வீட்டுக்காரரின் அக்காவோடு போக ஆரம்பித்தேன். அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணிக்குச் சிறு வயதிலிருந்து இதே வேலை. எனக்குப் பழக்கமில்லாததால் மற்றவர்களைவிட இறுக்கிக் கடித்திருப்பேனோ என்று இப்போது நினைக்கிறேன். பறி நழுவினால் அன்றைய பிடி முழுக்கத் தண்ணீரில் போய்விடும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

முதலில் அது காதுவலியாகத்தான் வந்தது. வலதுகாது. அண்ணி பார்த்துவிட்டு, "தண்ணி பூந்துக்கினு கீது. பூண்டுப் பல்லு போட்டு எண்ண காய்ச்சி ஊத்து, பூடும்" என்றார். ஊற்றினேன். காது வழவழப்பானது, வலி போகவில்லை. பிறகு சோறு மெல்லும்போது காதுக்கு முன்னால் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. சுவிட்சு போடுகிற சத்தம் மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்கே கேட்டது. "இன்னாது, வாய்ல கல்லா?" என்று வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார்.

ஒரு நாள் காலை அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். பல் துலக்கப் பிரஷ்ஷை வாய்க்குக் கொண்டுபோனேன். உள்ளே போகவில்லை. கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்தேன். ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் திறந்து அங்கேயே நின்றது. யாரோ உள்ளே கட்டை வைத்து அடைத்தது போல. தாடை வலப்பக்கம் கோணிக்கொண்டு போனது.

அப்போது என் கட்டைவிரலைப் பார்த்தேன். இரண்டு நாளைக்கு முன் சேற்றில் கிடந்த ஆளிச் சிப்பி கிழித்த காயம். கையால் பிடிக்கிறவர்களுக்குக் காயமில்லாத நாள் ஏது? மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மறந்திருந்தேன். ஆனால் வாய் திறக்காததும் கையில் காயமும் சேர்ந்தால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எதிர்வீட்டுக்காரர் ஒருவர் ரணஜன்னியில், அதாவது டெட்டனஸில், செத்துப்போனார். அவருக்கும் முதலில் வாய்தான் பூட்டிக்கொண்டது. பிறகு பத்தாம் வகுப்புப் பாடத்தில் அதைப் படித்து, பரீட்சையில் எழுதி, முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பதில் வரி வரியாக ஞாபகத்துக்கு வந்தது.

குழந்தை விழித்துப் பாலுக்கு அழுதது. தூக்கி மடியில் போட்டேன். ரவிக்கையைத் தளர்த்திய கை அப்படியே நின்றுவிட்டது. நோய் பாலில் இறங்குமா? பாடத்தில் அது இருந்ததா? யோசித்தால் ஞாபகம் வரவில்லை. குழந்தை முகத்தைப் புடவையில் தேய்த்துத் தேய்த்து அழுதது. நான் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால்மணி நேரத்தை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கொடுக்காதது தப்பா, கொடுத்திருந்தால் தப்பா என்று மட்டும் மனம் ஓடியது.

சத்தம் கேட்டு அண்ணி வந்தார்.

"இன்னாடி, கொயந்த அப்டிக் கத்துது, பாத்துனு குந்தினு கீற?"

பல்லிடுக்கில் சொன்னேன். "வாய் தொறக்கல அண்ணி."

"காட்டு." காட்டினேன். சிரித்தார். "நல்லதாப் போச்சு. எந்தம்பி இனிமே நிம்மதியா இருப்பான்." பிறகு அவர் கண் என் கட்டைவிரலுக்குப் போனது. சிரிப்பு நின்றது. வெளியே ஓடி, தெருமுனையில் நின்ற ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் வயதே இருக்கும் ஒரு லேடி டாக்டர். கர்ப்ப கால அட்டையைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். எந்த நேரத்திலும் காகிதத்தை மறக்காதவள் நான். அதில் ரணஜன்னி வராமலிருக்க இரண்டு ஊசி போட்ட தேதியும் இருந்தது. டாக்டர் என் கழுத்தை முன்னும் பின்னும் அசைத்தார், வயிற்றை அமுக்கினார். பிறகு தட்டையான மரக்குச்சி ஒன்றை அந்தச் சின்ன இடைவெளியில் நுழைத்துத் தொண்டைக்கு உள்ளே தொட்டார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"நல்லது" என்றார் டாக்டர்.

"வாந்தி வருது, நல்லதுன்றீங்க" என்றார் அண்ணி.

"ரணஜன்னியா இருந்தா இந்தக் குச்சியை வெடுக்குனு கடிச்சுப் பிடிச்சிருப்பாங்க. இது அது இல்ல." என் பக்கம் திரும்பினார். "முதல்ல குழந்தைக்குப் பால் குடுங்க. அப்புறம் பேசலாம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கொடுத்தேன். குழந்தை குடித்த வேகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அண்ணி முந்தானையால் மறைத்து நின்றுகொண்டு, "கம்முனு குடு. அழுதா பால் சுருங்கும்" என்று அதட்டினார். அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

திரும்ப உள்ளே போனதும், டாக்டர் என் இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். இடதுபக்கம் எலும்பு வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. வலதுபக்கம் அசையவே இல்லை. தாடை எலும்பு மண்டையோட்டில் மாட்டியிருக்கிற இடம் அது என்றார். இரண்டு எலும்புக்கும் நடுவில் சின்ன மெத்தை மாதிரி ஒன்று உண்டாம். அது முன்னால் நழுவி, வாய் திறக்கும்போது தன் இடத்துக்குத் திரும்பினால் "டக்" என்று கேட்கும். திரும்பாமல் மாட்டிக்கொண்டால் சத்தமும் நிற்கும், வாயும் நிற்கும். சத்தம் நின்றதற்கு நான் சந்தோஷப்பட்டதை அவரிடம் சொல்லவில்லை.

கொஞ்ச நாளைக்கு மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், குழைந்த சோறு. அதோடு சென்னைப் பல் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு.

பஸ்ஸுக்காக நிற்கிற இடத்திலிருந்து டச்சுக்காரர் கல்லறை பக்கம்தான். நுழைவாயில் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். எத்தனையோ தடவை கடந்துபோயிருக்கிறேன், சென்னைக்குக் கிளம்பிய அன்றைக்குத்தான் கிட்டே போய் அதன் தாடையைப் பார்த்தேன். காது இருந்திருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தேன். கல் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. மூட்டு எங்கே என்று தெரியவில்லை.

"அவனுக்கும் வாய்வலியா?" என்றார் வழியனுப்ப வந்த அண்ணி, குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு. "முந்நூறு வருசமா பல்லக் கடிச்சினு கீறான் பாவம். வா, பஸ்சு வருது."

மீஞ்சூர் வரை பஸ், அங்கிருந்து ரயில். வீட்டுக்காரர் கூட வந்தார். பல் மருத்துவமனை டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார். முறுக்கு, கடலை, கரும்பு கடிப்பீர்களா? இல்லை. நகம் கடிப்பீர்களா? இல்லை. தூக்கத்தில் பல் அரைப்பீர்களா? வீட்டுக்காரர், "இல்ல சார், கொறட்டதான்" என்றார். எப்போதும் ஒரே பக்கம் மெல்லுவீர்களா? மன அழுத்தம் உண்டா? கைக்குழந்தை இருக்கிறது என்றேன். அவர் எழுதிக்கொண்டார். கடைசியாகத்தான் அந்தப் பற்கள் தொடுகிற கேள்வி. தெரியவில்லை சார் என்றேன்.

கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையாகத்தான் பதில் சொன்னேன். பறியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. கடிப்பது என்றால் தின்பது என்றே எனக்குத் தோன்றியது. பறி பிடிப்பது வேலை. தலையில் குடம் தூக்குகிறவள் கழுத்துவலிக்குப் போகும்போது குடத்தைச் சொல்வாள். ஏனோ எனக்கு இது அப்படித் தோன்றவில்லை. ஒருவேளை கொஞ்சம் வெட்கமும் இருந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, "உங்க ஆளுங்க நாய் மாதிரி வாய்ல கவ்வினு போவாங்களாமே" என்று கேட்டிருக்கிறாள்.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில், பற்களின் மேல் உறை மாதிரி மாட்டுகிற தகடு ஒன்று செய்து கொடுத்தார்கள். ராத்திரி தூங்கும்போது மட்டும் போட வேண்டும். அதோடு நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டி வைத்து, கண்ணாடியைப் பார்த்து, தாடை கோணாமல் மெல்ல வாயைத் திறந்து மூடுகிற பயிற்சி. ஒரு மாதத்தில் ஒன்றரை விரல் நுழைந்தது. பிறகு இரண்டு விரல்.

இரண்டு விரல் நுழைந்ததும் ஏரிக்குப் போனேன். வீட்டுக்காரருக்கு மீஞ்சூரில் ஒப்பந்த வேலை, கூப்பிட்ட நாளில்தான் வேலை. அதைவிட, நான் போகாத நாளெல்லாம் அண்ணி எங்கள் வீட்டுக்கும் சேர்த்துத் தடவிக்கொண்டிருந்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கேதான் என் படிப்பு என்னை ஏமாற்றியது. தூக்கத்தில் தாடைக்கு வருகிற பாரத்தைத் தாங்க ஒரு தகடு என்றால், பறியின் பாரத்தை அது தாங்காதா? யோசித்துப் பார்த்ததில் நியாயமாகத்தான் இருந்தது. டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாரோ என்று கேட்கவில்லை. தகட்டை மாட்டிக்கொண்டு, அதன் மேல் பறியைக் கடித்தேன்.

அண்ணி பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இறால் புடிக்கப் பல்செட்டு மாட்டினு வர மொத ஆளு நீதான்டி. இறாலு பயந்துனு தானா பறில ஏறப் போவுது."

முதல் ஐந்து நாள் சுகமாக இருந்தது. பல்லில் ஓலை உறுத்தவில்லை. நான் கண்டுபிடித்தது சரி என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது. ஆறாம் நாள், பறி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. காற்று எழும்பி ஒரு அலை பறியை இழுத்தது. நான் இறுக்கிக் கடித்தேன். வாய்க்குள் "படக்" என்று உடைந்தது. எலும்பே உடைந்துவிட்டது என்று நினைத்தேன். பறி நழுவியது. கத்த வாயைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. மறுபடியும் அதே ஒரு விரல். தகட்டின் உடைந்த துண்டு ஒன்று நாக்கின் மேல் கிடந்தது. அதை விழுங்கிவிடுவேனோ என்ற பயத்தில் குனிந்து தண்ணீரில் துப்பினேன். துப்பிய பிறகுதான் ஐயோ என்று இருந்தது.

மூக்கால் "ம்ம்ம்" என்று கத்தினேன். பாம்பு என்று நினைத்து மற்றவர்கள் விலகி ஓடினார்கள். அண்ணி மட்டும் தன் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். நான் வாயைக் காட்டி, தண்ணீரைக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டார்.

"நவுராத. காலத் தூக்காத. அங்கியே நில்லு."

பறியை என் கையில் கொடுத்துவிட்டு என் காலைச் சுற்றிச் சேற்றைத் தடவினார். முதலில் ஒரு சிப்பி வந்தது. பிறகு ஒரு நண்டு, அதைத் தூக்கி எறிந்தார். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வாயை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல், இனிமேல் என் குழந்தையிடம் நான் பேசுவதெல்லாம் பல்லிடுக்கில்தானா என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் கை மேலே வந்தது. உள்ளங்கையில் என் கடைவாய்ப் பற்களின் அச்சு.

"இந்தா. இறாலவிட வழுக்குது" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

சென்னையில் டாக்டர் இரண்டு துண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது எப்படி உடைஞ்சுது?"

"தூக்கத்துல சார்" என்றேன்.

அவர் துண்டுகளைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் தகட்டைச் சுரண்டினார். பல் பதிந்த குழிக்குள் ஒரு துணுக்குப் பனையோலை நார் சிக்கியிருந்தது. அதை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் என் ஒயர் கூடைக்குள் தண்ணீர் பாட்டிலைப் போட்டு, அந்தச் சின்ன இடைவெளியில் கைப்பிடியை நுழைத்து, பல்லில் பிடித்துக் காட்டினேன். அங்கே பல் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். டாக்டர் என் காதுக்கு முன்னால் விரலை வைத்தார்.

"இப்படி எவ்வளவு நேரம்?"

கூடையை எடுத்துவிட்டுச் சொன்னேன். "அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம்."

"தினமுமா?"

"வெள்ளிக்கிழம போகமாட்டோம்."

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "முறுக்கு கடிப்பீங்களான்னு கேட்டேன் பாருங்க" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வது போல. ஆபரேஷன் எல்லாம் வேண்டியதில்லை, ஒத்தடமும் பயிற்சியும் வேறு தகடும் போதும், பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே சரியாகிவிடும் என்றார். ஆனால் அந்தக் கூடை வாய்க்குத் திரும்பக் கூடாது. திரும்பினால் எவ்வளவு திறக்கும் என்று அவரால் சொல்ல முடியாது. "வேற எங்கயாவது மாட்டிக்குங்க" என்றார்.

அதை அண்ணியிடம் சொன்னபோது, "டாக்டர ஒரு நாள் வந்து தண்ணில குந்தச் சொல்லு. எங்க மாட்றதுன்னு அவரே காட்டட்டும்" என்றார். வீட்டுக்காரர், "நீ போகவே வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த வாரம் மீஞ்சூரிலிருந்து அவரைக் கூப்பிடவில்லை.

இரண்டு வருடமாக எல்லா விதத்திலும் பார்த்துவிட்டேன். இடுப்பில் கட்டினால் பறி தண்ணீருக்குள் மூழ்கிவிடுகிறது, இறால் எகிறி வெளியே போகிறது. பறியின் வாய்க்குத் துணி மூடி வைத்தால், ஒவ்வொரு இறாலுக்கும் துணியை விலக்க ஒரு கை வேண்டும். அதற்குள் அடுத்தது தப்பிக்கிறது. கழுத்தில் கயிறு போட்டு மாட்டினால் பிடரி இழுத்து, சாயங்காலம் தலைவலியில் சுருண்டு படுக்கிறேன், தாடையும் அதோடு சேர்ந்து இறுகுகிறது. மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடியில் ஓட்டை போட்டு, அதில் பறியைச் செருகி, இடுப்புக் கயிற்றில் மிதக்கவிட்டேன். காற்றில்லாத நாளில் அது நன்றாக இருக்கிறது. காற்றடித்தால் என் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. ஒவ்வொரு தடவையும் திரும்பி இழுத்துப் போட வேண்டும். அண்ணி பிடிக்கிறதில் பாதிகூடப் பிடிக்க முடியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காற்றடிக்கிற நாளில் நான் பறியைப் பல்லுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அரைமணி நேரம்தானே என்று. இப்போது இரண்டரை விரல் திறக்கிறது. ஆனால் போன வாரம் சோறு மெல்லும்போது வலதுபக்கம் மறுபடி "டக்" என்று கேட்டது. தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணியின் காதுக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்தேன், "வாயத் தொறங்க" என்று. இரண்டு பக்கமும் "டக்". மூடும்போதும் "டக்".

"எத்தன நாளா இப்டி?"

"எப்பவுமே இப்டித்தான். எல்லாருக்கும் கீறதுதானே அது?"

அவர் வாய்க்குள் எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்தேன். இரண்டுகூட இல்லை. கொட்டாவி வந்தால் அவர் கையால் தாடையைத் தாங்கிப் பிடிப்பதை நான் இத்தனை வருடமாகப் பார்த்தும் ஒன்றும் நினைத்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றால், "போனா பறிய உடுன்னுவாரு, உட்டா இன்னா பண்றது?" என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லாததால் வற்புறுத்தவும் முடியவில்லை. வற்புறுத்த வேண்டுமா, கூடாதா என்றும் தெரியவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் ஊர் ஆற்றிலோ காயலிலோ இறாலோ மட்டியோ கையால் தடவிப் பிடிக்கிறவர்கள் இருந்தால், அவர்கள் கூடையை எங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். தோளில் மாட்டுகிறார்களா, நெஞ்சில் கட்டுகிறார்களா, காற்றில் விலகாமல் மிதக்கவிட ஏதாவது வழி வைத்திருக்கிறார்களா? மூடி எப்படி, கயிறு எவ்வளவு நீளம் என்பது வரை சொன்னால் நல்லது. தாடைவலி வந்து வேலையையும் விடாமல் சமாளித்தவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் சொல்லுங்கள். நான் செய்து பார்க்கிறேன். சரியாக வந்தால் அண்ணிக்கும் ஒன்று கட்டிக் கொடுப்பேன்.